விலைக்கு வாங்காமல் வீரர்களை உருவாக்கிய ரகீம்

2017-ம் ஆண்டில் நெய்மார் என்ற பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போனார். அதற்காகப் பாரீஸ் நகரத்துக் கிளப் கொடுத்த தொகை 22 கோடியே 20 லட்சம் யூரோ. அன்றைய கணக்கில் நம் பணம் 1,600 கோடி ரூபாய்க்கு மேல்!

இந்தியாவிலும் ஒரு கால்பந்து குரு இருந்தார். அவர் ஒரு வீரரைச் சேர்ப்பதற்குச் செலவிட்டது வாடகைச் சைக்கிளுக்கான காசு. அதையும் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார். அந்த வீரர் ஒரு தமிழ்ப் பையன்.

அந்தக் குருவின் பெயர் சையத் அப்துல் ரகீம். இந்தியக் கால்பந்துக் கோஷ்டிக்கு இரண்டு முறை ஆசிய விளையாட்டுத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தவர் அவர். எல்லோரும் அவரை "ரகீம் சாகிப்" என்று அழைத்தார்கள்.

பள்ளிக்கூட வாத்தியார்

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாமின் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக் கழகத்தில் படித்தார். படிக்கும்போதே கால்பந்து ஆடினார். பட்டம் பெற்றதும் பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்றார்.

வாத்தியார் வேலை என்றால் எப்படி? முதல் நாள் சொன்னதை மறுநாள் கேட்பார்கள். தப்பாகச் சொன்னால் திரும்பச் சொல்ல வைப்பார்கள். கையெழுத்து கோணினால் பத்துத் தடவை எழுதச் சொல்வார்கள். ரகீம் இந்த வழக்கத்தை அப்படியே பந்து மைதானத்துக்குக் கொண்டு போனார்.

1943-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டியைப் பழக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியாகவும் இருந்தார். ஒரு கையில் கோஷ்டி. இன்னொரு கையில் ஊர்ப் பந்தயங்கள் முழுவதும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் பின்னால் நடந்த அதிசயம் நடந்தது.

கல்கத்தாவின் பணம்

அந்த நாளில் கால்பந்து என்றால் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் பெரிய கிளப்புகள். ஒரு வங்காளிக் குடும்பம் எந்தக் கிளப்பை ஆதரிக்கிறது என்பதை வைத்துச் சண்டையே நடக்கும். அந்தக் கிளப்புகள் இந்தியா முழுவதும் ஆள் தேடின. நல்ல வீரன் எந்த ஊரில் இருந்தாலும் வேலை, வீடு, கைச்செலவு என்று சொல்லி அழைத்துப் போய் விடுவார்கள்.

தென்னாட்டு வீரர்களுக்கு அங்கே தனி மதிப்பு. ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்வரிசையில் ஒரு காலத்தில் அகமது கான், அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் என்ற ஐவர் ஆடினார்கள். ஐந்து பேரும் தென்னாட்டவர்கள். அவர்களுக்குப் "பஞ்ச பாண்டவர்" என்று பெயரே விழுந்து விட்டது.

ஆண்டுதோறும் வீரர்கள் கிளப் மாறிக் கையெழுத்துப் போடும் நாட்கள் வந்தால் கல்கத்தாவில் ஒரே பரபரப்பு. எதிரிக் கிளப் கண்ணில் படாமல் வீரரை ஒரு வீட்டில் ஒளித்து வைத்துக் கையெழுத்து வாங்கிய கதைகளும் உண்டு. கல்யாண மாப்பிள்ளையைக்கூட அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்ற மாட்டார்கள்!

ஐதராபாத் போலீஸ் கோஷ்டியிடம் அந்தப் பணம் கிடையாது. அவர்களால் கொடுக்கக் கூடியது போலீஸ் வேலை. மாதச் சம்பளம், சீருடை, ஓய்வூதியம். அவ்வளவுதான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஆவடி, பருத்திப்பட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆவடியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாளங்கள் இருக்கின்றன. சர்க்கார் சீருடை வந்து விட்டால் அந்த வீட்டில் எவ்வளவு நிம்மதி என்பது அந்த வட்டாரத்துக்குத் தெரியும்.

ஆனால் வேலை மட்டும் கொடுத்தால் கோப்பை வருமா? பெரிய வீரனை வாங்க முடியாது. வளர்த்த வீரனையும் கல்கத்தா தூக்கிப் போய் விடலாம். அப்படியானால் என்ன வழி? ஒருவன் போனால் அந்த இடத்தில் ஆட இன்னொருவன் தயாராக இருக்க வேண்டும். ரகீம் பிடித்த வழி இதுதான்.

விசித்திரப் பந்தயங்கள்

ஊர்ப் பையன்களுக்காக ரகீம் சில பந்தயங்களை ஏற்படுத்தினார். அவற்றின் விதிகள் விசித்திரமாக இருந்தன.

ஒரு பந்தயத்தில் பந்தைக் காலிலேயே உருட்டிக் கொண்டு ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே இன்னொருவனுக்குத் தள்ளி விட வேண்டும். இன்னொரு பந்தயத்தில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலால் ஆட வேண்டும்.

பையன்கள் முதலில் சிரித்திருப்பார்கள். ஆனால் இதற்குள்ளே ஒரு கணக்கு இருந்தது. அந்தக் காலத்து இந்திய வீரன் பந்து கிடைத்தால் விட மாட்டான். நாலு பேரை ஏமாற்றிக் கைதட்டல் வாங்குவான். அதற்குள் எதிரிகள் திரும்பி வந்து வழியை அடைத்து விடுவார்கள். பந்து ஓடுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது அல்லவா? ஆகவே பந்தை ஓட விடு என்பது ரகீமின் பாடம். இரண்டு காலும் பழகியவனுக்குப் பந்தைத் திருப்பி வைத்துக் கொள்ளும் நேரம் மிச்சம்.

இந்தப் பந்தயங்கள் ஆள் பிடிக்கும் வலையாகவும் இருந்தன. யார் மூளையால் ஆடுகிறான், யார் காலால் மட்டும் ஆடுகிறான் என்பது அங்கே தெரிந்து விடும்.

பலன் என்ன? 1950-ல் டில்லியில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானையே போலீஸ் கோஷ்டி தோற்கடித்தது. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் வென்றது. பணம் இல்லாத போலீஸ்காரர்கள், பணக்காரக் கிளப்புகளை வரிசையாக மண் கவ்வ வைத்தார்கள்.

அம்முகூடா பையன்

செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. வறுமை. மகன் ஒரு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்பது தாயாரின் ஆசை. மகனுக்கோ பந்துதான் உயிர். போலீஸ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பூட்ஸ் தோலைக் கொண்டு, செருப்புத் தைப்பவரிடம் ஆட்டப் பூட்ஸ் செய்து வாங்கிக் கொண்டவன் அவன். பெயர் துளசிதாஸ் பலராமன்.

ரகீமின் கண்ணில் அவன் பட்டான். பயிற்சிக்கு ஐதராபாத் வரச் சொன்னார். தினமும் வந்து போகக் காசு இல்லை என்றான் பையன். வாடகைச் சைக்கிளில் வா என்று சொல்லி, ரகீம் காசு கொடுத்தார்.

அந்தச் சைக்கிள் வீண் போகவில்லை. 1956-லும் 1957-லும் ஐதராபாத் கோஷ்டி சந்தோஷ் கோப்பையை வென்றது. 1956-ல் பலராமன் இந்தியாவுக்காக மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கே போனான். மறு வருஷம் கல்கத்தா அவனை அழைத்துக் கொண்டது. பலராமன் ஈஸ்ட் பெங்கால் வீரன் ஆனான்.

இன்னொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். பட்டாளத்தில் சேர்ந்து, மதராஸ் ரெஜிமெண்டு கோஷ்டியில் கோல் காத்தார். கடைசியில் அவரும் கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார். தன் ஊர்ப் பிள்ளைகள் இப்படி ஒருவர் பின் ஒருவராகப் போன போதும் ரகீம் பயிற்சியை நிறுத்தவில்லை. இந்தியக் கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மறுபடியும் அவர்கள் அவரிடம்தானே வர வேண்டும்!

பத்துக்கு ஒன்று

இந்தியக் கோஷ்டியின் பொறுப்பு 1950-லேயே ரகீமுக்கு வந்திருந்தது. 1951-ல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று இந்தியா வென்றது. மேவாலால் கோல் அடித்தார். நாடு கொண்டாடியது.

மறு வருஷமே பேரிடி. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா 10-1 என்று இந்தியாவை நசுக்கியது. குளிர் நாட்டில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்! அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

வேறு ஒருவராக இருந்தால் குளிரைக் குறை சொல்லி விட்டுச் சும்மா இருந்திருப்பார். ரகீம் ஐரோப்பியர் ஆடும் முறையைக் கவனித்தார். ஹங்கேரி நாட்டார் தங்கள் நடு முன்வரிசை வீரரைச் சற்றுப் பின்னால் நிறுத்தி ஆடினார்கள். அவரைத் தொடர்ந்து போவதா, விடுவதா என்று எதிரி குழம்பிப் போவான். அந்தத் தந்திரத்தை ரகீம் நம் வீரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

1956-ல் மெல்போர்னில் அது வேலை செய்தது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசௌசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். முடிவில் நாலாவது இடம் கிடைத்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றார்கள். பிரான்சோடு 1-1. அந்தக் கோஷ்டியில் ரகீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். தகப்பனார்தான் பயிற்சியாளர். ஆனாலும் ஒரு ஆட்டத்தில்கூட ஹக்கீம் களம் இறங்கவில்லை. மகனுக்காக இடம் ஒதுக்கும் பழக்கம் ரகீமுக்கு இல்லை.

ஜகார்த்தா

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா வர விடவில்லை. இதை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்தார். ஊரே இந்தியர்கள் மேல் கோபம் கொண்டது. நம் வீரர்கள் போகும் இடமெல்லாம் கூச்சல்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் வென்றாலும் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. அவர் பின்வரிசைத் தூண். தங்கராஜுக்குக் காய்ச்சல். இத்தனைக்கும் மேலே, ரகீமின் உடம்பிலேயே புற்றுநோய் புகுந்திருந்தது. அவர் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர்.

அப்போது ரகீம் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு மாற்றினார். தடுப்பாட்டக்காரரைக் கோல் அடிக்க அனுப்பினார்! அரை இறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று இந்தியா வென்றது. ஜர்னைலும் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். மறுபடியும் தென் கொரியா. மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கத்தினார்கள். முந்தின நாள் இரவு ரகீம் வீரர்களைக் கூப்பிட்டு, எனக்கு நாளைக்குத் தங்கம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டுக் கொண்டார். கோலில் அனுபவசாலியான தங்கராஜைத் திரும்ப நிறுத்தினார். 17-வது நிமிஷம் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். 20-வது நிமிஷம் ஜர்னைல் சிங்! கொரியா ஒரு கோல்தான் திருப்பியது. தங்கம் இந்தியாவுக்கு. பலராமன் முன்வரிசையில், தங்கராஜ் கோலில். இரண்டு தமிழர் கழுத்திலும் தங்கப் பதக்கம் தொங்கியது.

அதற்குப் பின்

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11-ந் தேதி ரகீம் காலமானார். வயது 53. அதே 1963-ல் பலராமனும் உடல் நலம் கெட்டு ஆட்டத்தை விட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் 2023-ல் காலமானார்.

ரகீமின் கதையை வைத்து 2024-ல் "மைதான்" என்ற இந்திப் படம் வந்தது. அஜய் தேவ்கன் ரகீமாக நடித்தார். பந்து மைதானத்துக்கு வெளியே ரகீமைப் பலர் அறிந்தது அந்தப் படத்தினால்தான்.

அவர் வளர்த்த போலீஸ் கோஷ்டி பின்னால் ஆந்திர போலீஸ் என்று பெயர் மாறியது. கொஞ்ச காலம் வெற்றி பெற்றது. பிறகு மங்கியது. வீரர்களை அழைத்துப் போகக் கல்கத்தா இருந்தது. போனவர் இடத்தை நிரப்பப் பையன்களைத் தேடிப் பிடிக்கும் ஆள்தான் இல்லை.

1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வாங்கியது. காப்டன் சையத் நயீமுதீன், ஐதராபாத்தில் பிறந்து கல்கத்தாவில் ஆடியவர். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவின் ஆண்கள் கோஷ்டி கடைசியாக வாங்கிய பதக்கம் அதுதான்.