ஜேம்ஸ் கிளார்க் ரோஸ்

சர் ஜேம்ஸ் கிளார்க் ரோஸ் (ஏப்ரல் 15, 1800 - ஏப்ரல் 3, 1862) புவியின் வட காந்தமுனையை முதன்முதலில் சென்றடைந்த ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஆவார். இலண்டனில் பிறந்த இவர் 1812 இல் கடற்படையில் சேர்ந்தார்.

வட காந்தமுனை

தந்தையின் உடன்பிறந்தவரான ஜான் ரோஸ் தலைமையில் ஆர்க்டிக் சென்றபோது கப்பல் பனியில் சிக்கியது. அங்கிருந்து பனிச்சறுக்கு வண்டிகளுடன் பயணித்த இவர், ஜூன் 1, 1831 அன்று பூத்தியா மூவலந்தீவில் காந்த ஊசி ஏறத்தாழச் செங்குத்தாக நின்ற இடத்தில் கொடி நாட்டினார்.

தென் காந்தமுனைத் தேடல்

1839-1843 இல் எரபஸ், டெரர் ஆகிய கப்பல்களுடன் அண்டார்க்டிக் சென்றார். முனை நிலப்பகுதியின் உள்ளே இருந்ததால் அடைய இயலவில்லை. அப்போது கண்டறிந்த கடல் ரோஸ் கடல் எனப்படுகிறது.

முனையின் நகர்வு

புவியின் வெளிக்கருவிலுள்ள உருகிய இரும்பின் ஓட்டத்தால் காந்தமுனைகள் இடம்பெயர்கின்றன. 1904 இல் அமுன்சென் அளந்தபோது, வடமுனை ரோஸ் குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் விலகியிருந்தது. இதனாலேயே மாலுமிகளுக்கான வரைபடங்களில் காந்த விலக்கம் அவ்வப்போது திருத்தப்படுகிறது.