செல்லுக்குள் ஓர் அணைக்கட்டு: யார் இந்த பீட்டர் மிட்செல்?

மைட்டோகாண்ட்ரியாதான் செல்லின் பவர் ஹவுஸ்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். ஆனால், அங்கே ஏ.டி.பி. எப்படித் தயாராகிறது? பலரும் ஏதோவொரு இடைநிலை ரசாயனத்தைத் தேடிக்கொண்டிருக்க, அப்படி ஒன்று தேவையே இல்லை என்றார் பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மிட்செல். 1961-ல் அவர் சொன்னது இதுதான்: உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல், புரோட்டான்களை உள்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அணையில் தேங்கின தண்ணீர் மாதிரி அவை திரும்பப் பாயும்போது ஏ.டி.பி. உருவாகிறது.

துறையில் பலர் ஏற்கவில்லை. கூடவே வயிற்றுப்புண் வேறு. 1963-ல் எடின்பரோ பல்கலைக்கழக வேலையை விட்டார். கார்ன்வாலில் சிதிலமான மாளிகையைச் சீரமைத்து, சக விஞ்ஞானி ஜெனிஃபர் மோய்லுடன் அங்கேயே லேப் போட்டார். சோதனைகளில் பெரும்பகுதி மோய்ல் செய்தவை. 1978 வேதியியல் நோபலோ மிட்செலுக்கு மட்டும்தான்! 1992-ல், 71 வயதில் காலமானார்.