தம் பங்கை விட்டுப் போக விரும்பிய புனிதர்

யூபிலி விழாக் காணும் பங்கு, தன்னை வழிநடத்திய குருக்களை நன்றியோடு நினைப்பது வழக்கம். இவ்வேளையில் பங்குக் குருக்களின் பாதுகாவலராகிய புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்வையும் சற்றே நினைத்துப் பார்ப்போம். அவருடைய செபத்தையும் தவத்தையும் பற்றிப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் தம் பங்கை விட்டு மும்முறை புறப்பட்டுப் போனவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகே உள்ள தார்திலி என்னும் ஊரில், 1786-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமையால் ஆலயங்கள் பூட்டப்பட்டிருந்த காலம் அது. 1799-இல் அவர் முதல் நற்கருணை வாங்கியதுகூட மறைவாக ஒரு வீட்டில்தான். உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி சன்னல்களுக்கு முன் வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள்.

குருவாக வேண்டும் என்ற ஆவலோடு ஏறக்குறைய இருபது வயதில்தான் அவர் இலத்தீன் படிக்கத் தொடங்கினார். படிப்பு ஏறவில்லை. லியோன் குருமடம் அவரைத் திருப்பி அனுப்பியது. எக்குல்லி ஊர்ப் பங்குத் தந்தை பாலே அடிகளார் கைவிடாமல் கற்பித்து, அவருக்காகப் பரிந்து பேசினார். 1815 ஆகஸ்டு 13-இல் கிரெனோபில் நகரில் வியான்னி குருப்பட்டம் பெற்றார்.

1818 பிப்ரவரியில் ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அவரை அனுப்பினார்கள். அங்கு இருந்தவர்கள் சுமார் 230 பேர். ஞாயிறு பூசையை மறந்து வயலுக்குச் செல்வதும், சாராயக் கடையில் பொழுதைக் கழிப்பதுமாக ஊர் இருந்தது. புதிய குருவோ விடியுமுன்பே திவ்விய நற்கருணை முன் முழந்தாளிட்டிருப்பார். வீடு வீடாகச் செல்வார். சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். ஊர் மெல்ல மாறியது. பின்னர் வெளியூர்களிலிருந்தும் மக்கள் வரத் தொடங்கி, ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தார்கள். நள்ளிரவு கடந்ததும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்தால், கோடைக் காலத்தில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரைகூட அங்கேயே இருப்பார்.

இவ்வளவு பலன் கண்டவர் மனநிறைவோடு இருந்திருப்பார் என்றே நாம் எண்ணுவோம். அவர் உள்ளத்தில் இருந்ததோ அச்சம். படிப்பில்லாத தாம் இத்தனை ஆன்மாக்களுக்கு எப்படிக் கணக்குக் கொடுப்பது என்று நடுங்கினார். பங்குப் பொறுப்பைத் துறந்து, தனிமையில் தம் பாவங்களுக்காக அழுது செபித்துச் சாக வேண்டும் என்று ஏங்கினார். பணமோ பெயரோ தேடிய ஆசை அன்று அது. தவமும் செபமும் தேடிய புண்ணிய ஆசைதான். ஆகவேதான் அதை விடுவது அவருக்கு அத்தனை கடினமாயிற்று.

1840-இல் ஓரிரவு யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டவர், வழியிலேயே மனம் கலங்கித் திரும்பினார். 1843-இல் கடும் நோயுற்று, நோயில்பூசுதல் பெற்று, சாவின் வாசல்வரை சென்று பிழைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் தார்திலியில் இருந்த தம் சகோதரர் வீட்டுக்குப் போய்விட்டார். மக்கள் அங்கும் தேடி வந்தார்கள். ஆயர் தேவி ஆண்டகை, அவர் விரும்பினால் போமோன் என்னும் இடத்திலுள்ள மாதா கோயிலில் பணிபுரியலாம் என இடம் காட்டினார். வியான்னி அங்கு போய்ப் பூசை செய்து, நெடுநேரம் செபித்தார். எழுந்தபோது அவர் எடுத்த முடிவு, ஆர்ஸுக்கே திரும்புவது. ஊர் எல்லையில் மணியோசையோடு மக்கள் அவரை வரவேற்றார்கள்.

1853 செப்டம்பரில் மீண்டும் ஓரிரவு புறப்பட்டார். இம்முறை செய்தி முன்பே கசிந்துவிட்டது. ஆலய மணி முழங்கியது. தீப்பற்றியதோ என்று தண்ணீர் வாளிகளோடு ஓடி வந்தவர்களும் உண்டு. வழியை மறித்த மக்கள், தங்கள் பாவசங்கீர்த்தனத்தையாவது கேட்டுவிட்டுப் போகும்படி கெஞ்சினார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. கோயிலுக்குள் சென்று தொட்டியில் அமர்ந்தார். அதன்பின் அவர் ஆர்ஸை விட்டுப் போக முயலவில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. ஏழைப் பெண் பிள்ளைகளுக்காக 1824-இல் அவர் தொடங்கிய விடுதி அவர் கண்மணி போன்றது. 1847-48-இல் அதைப் புனித சூசையப்பர் சபைக் கன்னியரிடம் ஒப்படைக்க ஆயர் விரும்பினார். அதில் இறைவனின் சித்தம் இருப்பதாக வியான்னிக்குத் தெரியவில்லை. ஆயருக்குத் தெரிந்ததே போதும் என்று கீழ்ப்படிந்தார்.

1859 ஆகஸ்டு 4-ஆம் நாள், 73-ஆம் வயதில், அதே ஆர்ஸில் பங்குத் தந்தையாகவே அவர் மரித்தார். தனிமை கடைசிவரை கிடைக்கவில்லை. திருச்சபை 1925-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. 1929-இல் பங்குக் குருக்களின் பாதுகாவலர் ஆக்கியது. விரும்பிய மடத்துக்குப் போயிருந்தால் தம் ஆன்மாவுக்கு நன்மை தேடியிருப்பார். தங்கியதால் எண்ணற்றோர் மன்னிப்புப் பெற்றார்கள்.

அன்பர்களே, பரலோக மந்திரத்தில் இறைவனின் சித்தம் நடக்க வேண்டுமென்று நாள்தோறும் வேண்டுகிறோம். ஆனால் நம் திட்டத்தை முடிவு செய்த பிறகல்லவா அவரிடம் கையொப்பம் கேட்கிறோம்? நல்ல திட்டம்தானே, புண்ணிய காரியம்தானே என்று சொல்லியே அவர் அழைப்பைத் தட்டிக் கழிக்கிறோம். வியான்னிக்கு வழி காட்டியது காட்சியோ வானத்துக் குரலோ அன்று. ஆயரின் சொல்லும், செபத்தில் கிடைத்த தெளிவும், வாசலில் காத்திருந்த மக்களின் தேவையுமே அவருக்கு இறைவனின் குரலாயின. அதே குரல் நம் வீட்டிலும் கேட்கிறது. படுக்கையில் கிடக்கும் தாய் தந்தையின் முனகலில், உதவி தேடிக் கதவைத் தட்டும் அண்டை வீட்டாரின் அழைப்பில், பங்குப் பணிக்கு ஆள் வேண்டும் என்ற அறிவிப்பில் அது கேட்கிறது. போக நினைத்த இடத்தை விட்டு, வைத்த இடத்தில் நிற்கும் வரத்தை, அப்புனிதரின் மன்றாட்டால் இந்த யூபிலி ஆண்டில் கேட்போமாக.