பழுது பார்த்தவர் படைப்பாளர் ஆனார்

கருவியைச் செய்தவனைக் காட்டிலும் அதைப் பழுது பார்ப்பவனே அதன் குறைகளை நன்கறிவான். இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர் அமெரிக்க நாட்டுத் துப்பாக்கிக் கம்மியர் ஜான் மோசஸ் பிரௌனிங்.

அவர் 1855ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள், யூட்டா பகுதியிலுள்ள ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோனதன் துப்பாக்கிப் பட்டறை நடத்தி வந்தார். தந்தையின் பட்டறையே மகனுக்குக் கல்லூரியாயிற்று. வேட்டைக்காரரும் குடியேறியவரும் கொண்டுவந்த பழுதான துப்பாக்கிகளே அவருக்குப் பாடநூல்களாயின.

அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டு நெம்புகோல் துப்பாக்கி. குழலின் அடியில் ஒரு குழாய். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளும். நெம்புகோலைக் கீழே இழுத்தால் தூக்கி என்னும் உறுப்பு ஒரு தோட்டாவைச் சுமந்து மேலே வரும். நெம்புகோலை மூடினால் தோட்டா குழலுக்குள் புகும்.

இங்கேதான் சிக்கல். தூக்கியில் உள்ள தோட்டாவே அடுத்த தோட்டாவுக்குத் தடையாக நிற்க வேண்டும். அதன் நீளம் சற்றுக் குறைந்தால் அடுத்த தோட்டாவின் விளிம்பு தூக்கிக்குள் நுழைந்துவிடும். சற்று மிகுந்தால் தோட்டாவின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டிலும் தூக்கி எழாது. சுருள்வில் தளர்ந்தாலும் குழாயில் அழுக்கு சேர்ந்தாலும் இதே தொல்லைதான். ஆகவே இத்தகைய பழைய துப்பாக்கி சிக்கினால் தூக்கியை அரத்தால் ராவுவது பேதைமை. முதலில் தோட்டாவை அளக்க வேண்டும். குழாயைத் துடைக்க வேண்டும். வில்லைச் சோதிக்க வேண்டும். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது புதிதன்று. நாடா சிக்கினால் நாடாவை மட்டும் பார்க்காதே, அது ஓடிவந்த பாதையைப் பார் என்பது எங்கள் வீட்டுப் பாடம்.

மற்றொரு குறையும் இருந்தது. முழங்கை போல் மடங்கி நிமிரும் இணைப்பே வெடிப்பின் வேகத்தைத் தாங்கியது. 1876ஆம் ஆண்டில் அதனைப் பெரிதாக்கிப் பார்த்தனர். ஆயினும் அமெரிக்கப் படையின் நீண்ட தோட்டாவுக்கு அதில் இடமில்லை. அதன் ஆற்றலைத் தாங்கும் வலிமையும் இல்லை.

பிரௌனிங் 1879இல் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1883இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் பென்னட் ஆக்டனுக்கே வந்து, அவ்வுரிமையை 8,000 டாலருக்கு வாங்கிச் சென்றார். அடுத்த ஆண்டே பிரௌனிங்கும் தம்பி மேத்யூவும் புதிய நெம்புகோல் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். அதுவே 1886ஆம் ஆண்டுத் துப்பாக்கியாக வெளிவந்தது.

அதில் அவர் பழைய இணைப்பை வலுப்படுத்த முயலவில்லை, அடியோடு நீக்கினார். இருபுறமும் இரண்டு எஃகுத் தண்டுகள் செங்குத்தாக எழுந்து அடைப்பைப் பூட்டின. தூக்கி பெட்டிபோல் நேரே எழாமல், பின்முனையில் கீல் கொண்டு, அகப்பை போல் முன்முனையை உயர்த்தியது. அடுத்த தோட்டாவை நிறுத்தத் தனித் தடுப்பு வைத்தார். நீண்ட தோட்டாவும் தடையின்றி ஏறிற்று. 1892, 1894ஆம் ஆண்டுத் துப்பாக்கிகளும் அவர் வடிவமைத்தவையே.

1902இல், தாமே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு விற்பனைப் பங்கு கேட்டார். வின்செஸ்டர் நிறுவனம் மறுத்தது. அவர் பெல்ஜிய நாட்டு நிறுவனத்தை நாடினார். 128 காப்புரிமைகளுக்கு உரியவரான அவர், 1926ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அந்நாட்டின் லியேஜ் நகரத் தொழிற்சாலையில் மாரடைப்பால் உயிர்நீத்தார்.

அவர் செய்தவை உயிர் பறிக்கும் கருவிகள். அதை மறைத்துப் புகழ்வது முறையன்று. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரை வீழ்த்திய கைத்துப்பாக்கியும் அவர் வடிவமைத்ததே. அறிவு எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வி அறிவியல் மாணவர் ஒவ்வொருவருக்கும் உண்டு.

எனினும் அவர் வழிமுறையை நாம் ஏற்கலாம். நெம்புகோலின் விதியை நாம் ஏட்டில் படிக்கிறோம். பட்டம் பெறாத அவர் அதைப் பட்டறையில் படித்தார். ஏட்டறிவும் கையறிவும் ஒன்றையொன்று இகழாமல் கைகோத்தால், நம் ஊர்ப் பட்டறைகளிலிருந்தும் உயிர் காக்கும் கருவிகள் பிறக்கும். அந்நாளை ஆக்குவது நம் கடமையன்றோ!