மூன்றாம் வகுப்போடு நின்றவர் எழுதிய நாவல்

எங்கள் மொனராகலையில் பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் என் ஞாபகத்துக்கு வருவார். நாகூர் என்றால் நமக்குத் தர்கா தெரியும். அதே ஊரில் 1917இல் பிறந்த இந்த எழுத்தாளரை நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். சிறு வயதிலேயே திருமணம் முடித்து வைத்தார்கள். இளமையிலேயே கணவரை இழந்தார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அவர் மீது விழுந்தது. வீட்டுக்குள் இருந்தபடியே வாசித்தார், எழுதினார். 1938இல் 'காதலா கடமையா' நாவல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே.சாமிநாதையர். ஏடு தேடி அலைந்து சங்க நூல்களை அச்சேற்றிய பேரறிஞர், முஸ்லிம் பெண்ணொருவரின் கதையை மதித்துப் படித்தது சிறிய விடயமல்ல. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்ணாக இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1998இல் வபாத்தானார்.

திறமை இருந்தால் போதும், பள்ளிப் படிப்பு எதற்கு என்று இவரையே உதாரணம் காட்டுவோரும் உண்டு. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்தே ஒரு நாவல் என்றால், மீதிப் படிப்பும் கிடைத்திருந்தால் என்னவாகியிருப்பார்? அவரோடு படிப்பை நிறுத்திய மற்றப் பிள்ளைகளின் பெயர்கூட நமக்குத் தெரியாதே!

சாதாரண தரம் முடிந்ததும் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அல்லாஹ் அன்னாரைப் பொருந்திக்கொள்வானாக.