இரண்டு வேலை தெரிந்த ஜான் சார்ல்ஸ்

தோட்டத் திடலில் பந்து விளையாடும் பிள்ளைகளைப் பாருங்கள். தடுக்கிறவன் கடைசி வரை தடுக்கிறவன்தான். கோல் போடுகிறவன் கோல் போடுகிறவன்தான். இந்த இரண்டு வேலையையும் உலகத் தரத்தில் செய்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் வேல்ஸ் நாட்டு ஜான் சார்ல்ஸ்.

1931 டிசம்பர் 27-இல் சுவான்சி நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே படிப்பை விட்டு, ஊர்க் கழகத்தில் திடலைப் பார்த்துக்கொள்ளும் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே முதல் குழுவில் ஆட வாய்ப்பே கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு. நடுத் தடுப்பாளராக நின்றால் ஒருவனும் தாண்ட முடியாது. 1950-இல், 18 வயதிலேயே வேல்ஸ் நாட்டுக்கு ஆடினார்.

1952-இல் லீட்ஸ் குழுவுக்குக் கோல் போட ஆள் தேவைப்பட்டது. நிர்வாகி மேஜர் பிராங்க் பக்லி, தம் சிறந்த தடுப்பாளரையே முன்னால் தள்ளி, நடுத் தாக்குதல் ஆட்டக்காரர் ஆக்கினார். நல்ல பால்வெட்டுக்காரனை வேறு வேலைக்கு மாற்றினால் நாம் என்ன சொல்வோம்? உள்ளதும் போச்சு என்போம். இங்கே நடந்தது வேறு. எந்தப் பந்துக்குத் தடுப்பாளன் திணறுவான் என்பது, தடுத்துப் பழகியவருக்குத் தெரியாதா? 1953-54 பருவத்தில் 39 லீக் ஆட்டங்களில் 42 கோல் அடித்தார். லீட்ஸ் கழகத்தில் அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. 1956-இல் குழு முதல் பிரிவுக்கு ஏறியது. அடுத்த பருவத்தில் அங்கேயும் 38 கோல்!

இவ்வளவு செய்தவருக்குக் கூலி என்ன? அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது. வாரத்துக்கு 20 பவுனைத் தாண்டாது. ஒரு வேலை தெரிந்தாலும் இரண்டு வேலை தெரிந்தாலும் வரம்பு ஒன்றுதான். ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விட்டால்தான் வேறு இடம் போகலாம்.

1956 செப்டம்பரில் லீட்ஸ் திடலின் மேற்குக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டப் பணம் வேண்டும். 1957-இல் சார்ல்ஸை இத்தாலியின் யுவென்டஸ் கழகத்துக்கு 65,000 பவுனுக்கு விற்றார்கள். பிரிட்டனில் அதுவரை யாரும் அந்த விலைக்குப் போனதில்லை. வாரம் 20 பவுன்கூடத் தாண்டக் கூடாது என்று சொன்ன ஆட்டத்தில் இந்த விலை!

டுரின் நகரில் அவர் முதல் பருவத்திலேயே 28 கோல் அடித்து லீக்கில் முதலிடம் பெற்றார். அங்கே இரண்டு வேலையும் கைகொடுத்தது. முதலில் கோல் போடுவார்; குழு முன்னணிக்கு வந்ததும் பின்னால் போய்த் தடுப்பார். 1958, 1960, 1961 என மூன்று முறை யுவென்டஸ் லீக் பட்டம் வென்றது. அவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் முரட்டாட்டம் கிடையாது. ஒரு தடவைகூட நடுவர் அவரைத் திடலை விட்டு வெளியேற்றியதில்லை. கனிவான ராட்சதர் என்றே இத்தாலியர்கள் அழைத்தார்கள்.

1958 உலகக் கிண்ணத்தில் வேல்ஸ் காலிறுதிக்குப் போனது. ஹங்கேரி ஆட்டத்தில் பட்ட அடியால் சார்ல்ஸ் இறங்க முடியவில்லை. பிரேசிலிடம் 1-0 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலைப் போட்டவர் 17 வயதுப் பெலே.

இங்கிலாந்தில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக அறிவித்தது. 1961 ஜனவரியில் உச்சவரம்பு ஒழிந்தது. சார்ல்ஸ் ஒருவருடைய திறமை அவரை இத்தாலிக்குக் கொண்டுபோனது. எல்லாருக்கும் கூலி உயர்ந்ததோ, எல்லாரும் சேர்ந்து நின்றதால்.

விளையாட்டுக்குப் பிறகு செய்த வியாபாரங்கள் கைகொடுக்கவில்லை. கஷ்டப்பட்டார். 2004 பிப்ரவரி 21-இல், 72 வயதில் காலமானார். லீட்ஸ் கழகம் மேற்குக் கொட்டகைக்கு அவர் பெயரைச் சூட்டியது. 1957-இல் அவரை விற்ற பணம் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கொட்டகைக்குத்தான்.