பண்டித ரமாபாய்

விஷ்ராந்த்வாடியில் நான் குடியிருக்கும் அறைக்குக் கீழே ஆளந்திச் சாலை ஓடுகிறது. மழைக்காலம் பிறந்ததும் ஞானேசுவரரின் பல்லக்கு அவ்வழியே செல்லும். பண்டரிபுரம் நோக்கி நடக்கும் அந்த ஆயிரமாயிரம் மக்களைச் சன்னலருகே நின்று காணும்போதெல்லாம் எனக்கு ரமாபாய் அம்மையாரின் நினைவு வருகிறது. அவரும் தலந்தோறும் நடந்தவர்தாம்.

1858-இல் பிறந்தவர். பெண்கள் வடமொழி கற்கலாகாது என்றிருந்த காலத்தில் மனைவிக்கு அதைக் கற்பித்தவர் தந்தை அனந்த சாஸ்திரி. அந்தத் தாயிடம் பாடம் கேட்டவர் ரமாபாய். புராணம் படித்துப் பிழைத்த அக்குடும்பத்தைத் தென்னாட்டுப் பஞ்சம் சிதைத்தது. தந்தை, தாய், தமக்கை மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய தமையனும் தங்கையும் 4,000 மைலுக்கு மேல் கால்நடையாகவே சுற்றினர். நோன்புகள் யாவும் நோற்றும் பசி தீரவில்லை. பழைய நம்பிக்கை வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

1878-இல் கல்கத்தாப் பண்டிதர்கள் அவர் புலமையை வியந்து 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டமளித்தனர். பிறகு தமையன் இறந்தார். மணந்த வங்காள வழக்கறிஞரும் 1882-இல் காலராவுக்கு இரையானார். கைக்குழந்தையுடன் புனேக்கு வந்தார். மருத்துவம் பயில விரும்பி 1883-இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றியதால் அது கைகூடவில்லை. வாண்டேஜ் நகர ஆங்கிலிக்கக் கன்னியர் மடத்தில் தங்கினார். வழிதவறிய பெண்களை அக்கன்னியர் அரவணைத்த விதம் அவர் நெஞ்சைத் தொட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம், முடியவில்லை. திரித்துவம் பற்றிக் கேள்வி கேட்டார். குருமாரின் அதிகாரத்துக்குத் தலைவணங்க மறுத்தார். சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, வடமொழி ஆகாதா என்றுகூட வாதிட்டார். ஞானத்தாயாக இருந்த கன்னியருக்கு இது பெருந்துன்பம். ஆய்வுக்கூடத்தில் எதையும் கேள்வி கேட்கப் பழகிய எனக்கோ, அவர் சொந்த அக்கா போலத் தோன்றுகிறார்!

1889-இல் பம்பாயில் இளம் விதவையருக்காகச் சாரதா சதனம் தொடங்கினார். மறு ஆண்டு அது புனேக்கு வந்தது. இங்கேதான் அந்த மாறுதல். ஹாஸ்லம் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் வரலாற்றைப் படித்தார். குருப்பட்டம் பெற்று, பிரசங்கமும் செய்துவந்தவர், பிறகே மனந்திரும்பினாராம். ஏற்கெனவே கிறிஸ்தவராய் இருந்தவருக்கு மனந்திரும்புதல் எதற்கு? அந்தக் கேள்வி ரமாபாயையே திருப்பிக் கேட்டது. ஞானஸ்நானம் பெற்று எட்டாண்டு கழித்து, தாம் மதத்தைக் கண்டடைந்தோமே தவிர, அதன் உயிரான கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்று உணர்ந்தார். அறிவு ஒப்பியதை உள்ளம் அப்போதுதான் பெற்றது.

அதற்கு விலையும் கொடுத்தார். அவருடைய செபத்தில் சில மாணவியர் தாமாகவே வந்தமர, நகரம் கொதித்தது. 1893-இல் ராணடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பெண்களை அழைத்துச் சென்றனர். நகரத்தின் அச்சத்திலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மதச்சார்பற்ற இல்லம் என்றுதானே சொல்லியிருந்தார்? ஆயினும், 1896-97 பஞ்சத்தில் நடு மாகாணங்களுக்குச் சென்று நூற்றுக்கணக்கான அனாதைப் பெண்களைத் திரட்டி வந்தவர் அவரே. பசித்து நடந்த பெண்ணுக்குப் பசி தெரியாதா? தௌண்டு செல்லும் இருப்புப்பாதையிலுள்ள கேட்காவில் 'முக்தி' இல்லம் அப்படித்தான் வளர்ந்தது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமம் முழுவதையும் எளிய மராத்தியில் பெயர்த்தார். மகள் மனோரமா 1921-இல் மறைந்தார். தாய் 1922 ஏப்ரல் 5-இல்.

நான் பிறவிக் கத்தோலிக்கன். அவர் சபை வேறு. பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். தொலைபேசியில் அம்மா ஞாயிறுதோறும் கேட்பார். போனேன் என்று பொய் சொல்வேன். கேட்காவ் சென்று வந்த வாரம் கோயிலின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். விசுவாசப் பிரமாணத்தில் ஓரிரு வரிகள் இன்னும் வாயில் வரவில்லை; அவ்விடத்தில் மௌனமாய் இருந்துவிடுகிறேன். அம்மா கேட்டபோது, போனேன் என்றேன். மூன்றாண்டுகளில் அது ஒன்றுதான் மெய்.